தசையை இழுத்து நரம்பை அறிந்தவர் – சர் சார்லஸ் ஷெரிங்டன்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்

மருத்துவமனையில் உயரமான நாற்காலியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கிறோம். முழங்கால் சில்லுக்குச் சற்றுக் கீழே மருத்துவர் சிறிய ரப்பர் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டுகிறார். நாம் நினைப்பதற்குள் கால் முன்னே துள்ளிவிடுகிறது. நாம் துள்ளச் சொல்லவில்லை. துள்ளாதே என்று சொல்லியும் அது கேட்பதில்லை.

நம் தேர்வில் இதற்கு ஐந்து மதிப்பெண். தண்டுவடத்தின் குறுக்குவெட்டுப் படம் ஒன்று, உள்ளே வரும் நரம்புக்கு ஓர் அம்புக்குறி, வெளியே செல்லும் நரம்புக்கு ஓர் அம்புக்குறி, நடுவில் ஒரு சந்திப்பு. அரைப் பக்கத்தில் விடை முடிந்துவிடும். அந்த அரைப் பக்கத்தை எழுதிப் பழகிய நான், அதிலுள்ள அம்புக்குறிகளை முதலில் போட்டவர் யார் என்று தேடிப் பார்த்தபோதுதான் சர் சார்லஸ் ஸ்காட் ஷெரிங்டன் என்னும் பெரியாரின் வரலாறு கிடைத்தது. அவர் 94 ஆண்டுகள் வாழ்ந்தவர். அதில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள், இழுக்கப்பட்ட தசைக்கும் தண்டுவடத்துக்கும் இடையே நடக்கும் உரையாடலை ஒட்டுக்கேட்பதிலேயே கழிந்தன.

ஷெரிங்டன் 1857 நவம்பர் 27 அன்று லண்டன் மாநகரில் பிறந்தார். அவருடைய பிறப்பிலேயே ஒரு புதிர் உண்டு. பதிவுகளில் தந்தை என்று குறிக்கப்பட்டுள்ள ஜேம்ஸ் நார்ட்டன் ஷெரிங்டன் 1848-லேயே இறந்துபோனவர். அவருடைய மனைவி ஆன் புரூக்ஸ், இப்ஸ்விச் நகரில் அறுவை மருத்துவராக இருந்த கேலப் ரோஸ் என்பவரின் இல்லத்தில் மூன்று ஆண்மக்களையும் வளர்த்தார். ரோஸின் முதல் மனைவி மறைந்த பிறகு, 1880-இல்தான் இருவருக்கும் முறைப்படி திருமணம் நடந்தது. ரோஸே உண்மைத் தந்தை என்று வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகின்றனர். எப்படியாயினும், புத்தகங்களும் ஓவியங்களும் நிறைந்த அந்த மருத்துவர் வீடுதான் ஷெரிங்டனை உருவாக்கியது எனலாம்.

கேம்பிரிட்ஜில் படிக்க வேண்டும் என்பது இளைஞரின் ஆசை. ஆனால் குடும்பத்தின் பணம் இருந்த வங்கி முறிந்துபோயிற்று. தம்பியர் இருவரும் முதலில் கேம்பிரிட்ஜ் செல்லட்டும் என்று தாம் ஒதுங்கிக்கொண்டு, 1876-இல் லண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் மருத்துவம் பயிலச் சேர்ந்தார். அண்ணன் ஒதுங்கித் தம்பி படிக்கும் கதை நம்மில் பலருடைய வீடுகளில் நடந்ததுதான். ஆகவே இந்த இடத்தைப் படிக்கும்போது அந்த ஆங்கிலேயர் நமக்குச் சற்று நெருங்கி வந்துவிடுகிறார். 1879-இல் அவரும் கேம்பிரிட்ஜ் சேர்ந்தார். முதலில் எந்தக் கல்லூரியையும் சாராத மாணவராகவும், மறு ஆண்டு முதல் கான்வில் – கீஸ் கல்லூரி மாணவராகவும் பயின்றார். உடலியல் பேராசிரியர் மைக்கேல் பாஸ்டரின் வகுப்புகள் அவரை ஈர்த்தன. ரக்பி ஆடினார், படகு வலித்தார். குள்ளமான உருவம், கண்ணாடி அணிந்த முகம். ஆயினும் நல்ல உடற்கட்டு உடையவர்.

1881-இல் லண்டனில் கூடிய உலக மருத்துவ மாநாட்டில் ஒரு பெரும் வழக்காடல் நடந்தது. மூளையின் மேற்பரப்பில் ஒவ்வொரு செயலுக்கும் தனித்தனி இடம் உண்டு என்றார் ஃபெரியர். கிடையாது என்றார் ஜெர்மானிய அறிஞர் கோல்ட்ஸ். ஒருவர் குரங்கையும் மற்றவர் நாயையும் சான்றாகக் கொண்டுவந்திருந்தனர். அந்த நாயின் மூளையை ஆராயும் பணி கேம்பிரிட்ஜில் லாங்லி என்பவரிடம் வந்து சேர்ந்தது. அவருக்கு உதவியாக நின்றவர் மாணவர் ஷெரிங்டன். 1884-இல் வெளிவந்த அந்தக் கட்டுரையே அவருடைய பெயர் தாங்கிய முதல் ஆராய்ச்சி.

அடுத்த பத்தாண்டுகளில் அவர் பார்த்த வேலைகள் பலப்பல. 1885-இல் காலரா பரவிய ஸ்பெயின் நாட்டுக்கு ஆய்வுக்குழுவுடன் சென்றார். பெர்லினில் விர்ச்சோவைக் கண்டார்; ராபர்ட் கோச்சிடம் சில வாரப் பயிற்சிக்குச் சென்றவர் ஓராண்டு தங்கிவிட்டார். 1891-இல் லண்டனில் விலங்குகளுக்கான பிரவுன் நிறுவனத்தின் தலைவரானார். அதே ஆண்டில் ஈத்தெல் ரைட் அம்மையாரை மணந்தார். தொண்டை அடைப்பான் நோய்க்கு முறிமருந்து காண்பதற்காக அங்கே ஒரு குதிரையைத் தயாரித்துக்கொண்டிருந்த வேளையில், 1894-இல், அவருடைய உறவினர் வீட்டுச் சிறுவன் ஒருவனுக்கே அந்நோய் கண்டது. இரவோடு இரவாகக் குதிரையின் குருதியிலிருந்து ஊனீரைப் பிரித்து எடுத்துச் சென்று ஊசி போட்டார். பையன் பிழைத்துக்கொண்டான். இந்த ஒரு செயலோடு நின்றிருந்தாலும் அவர் பெயர் மருத்துவ நூல்களில் எங்காவது ஒரு மூலையில் இருந்திருக்கும்.

அவரைத் தண்டுவடத்தின் பக்கம் திருப்பியவர் காஸ்கெல் என்னும் கேம்பிரிட்ஜ் அறிஞர். மூளையின் உச்சியிலிருந்து தொடங்காதே, அடியிலிருந்து தொடங்கு என்பதே அவர் காட்டிய வழி. ஷெரிங்டன் எடுத்துக்கொண்ட முதல் பொருள் முழங்கால் துள்ளல்.

முழங்கால் துள்ளலை 1875-இல் எர்ப், வெஸ்ட்பால் என்னும் இரு ஜெர்மானிய மருத்துவர்கள் விவரித்திருந்தனர். ஆனால் அது அனிச்சைச் செயல்தானா என்பதிலேயே ஐயம் இருந்தது. தட்டுக்கும் துள்ளலுக்கும் இடையே உள்ள நேரம் மிகக் குறைவு. செய்தி தண்டுவடம் வரை போய்த் திரும்ப நேரமில்லை. ஆகவே தட்டப்பட்ட தசை தானாகவே சுருங்குகிறது என்று பலர் வாதிட்டனர். மேலும் தசைக்குச் செல்லும் நரம்பு ஆணை கொண்டுசெல்லும் நரம்பு மட்டுமே என்ற எண்ணமும் பரவலாக இருந்தது. தசை உணரும் என்று யார் நினைப்பார்கள்?

ஷெரிங்டன் இதைச் சோதித்த முறை எளிமையானது, பொறுமை வேண்டுவது. தண்டுவடத்திலிருந்து வெளியே வரும் இயக்க நரம்பு வேர்களை வெட்டிவிட்டு, அந்த நார்கள் அழியும் வரை காத்திருந்தார். பின்பு தசைக்குச் செல்லும் நரம்பை நுண்ணோக்கியில் பார்த்தார். ஆணை கொண்டுசெல்லும் நார்கள் எல்லாம் அழிந்துபோன பின்னும் நரம்பு வெறுமையாகவில்லை. மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை நார்கள் நலமாக இருந்தன! அவை தசையிலிருந்து செய்தி கொண்டுவரும் உணர்ச்சி நார்கள். அவற்றில் பல, தசைக்குள் கதிர் வடிவில் கிடக்கும் தசைக்கதிர்கள் என்ற சிறு உறுப்புகளில் சுற்றிக்கொண்டிருந்தன. தசை இழுபடும்போது அதை உணர்ந்து சொல்பவை இவையே. 1894-இல் இது வெளியாயிற்று. நம் படத்தில் உள்ளே வரும் அம்புக்குறி இப்படித்தான் வந்தது.

இன்னொன்றையும் அவர் கண்டார். முழங்காலை நீட்டும் தசைக்கு எதிராக, அதை மடக்கும் தசை ஒன்று தொடையின் பின்புறம் உண்டு. அந்த எதிர்த்தசையின் நரம்பை வெட்டிவிட்டால் முழங்கால் துள்ளல் முன்னைவிட வலுக்கிறது. அப்படியானால் அங்கிருந்து ஏதோ ஒரு தடை வந்துகொண்டிருந்தது என்றுதானே பொருள்? ஒரு தசைக்குச் சுருங்கு என்று ஆணை பிறக்கும் அதே நேரத்தில், அதன் எதிர்த்தசைக்கு ஓய்ந்திரு என்ற ஆணையும் தண்டுவடத்திலேயே பிறக்கிறது. நரம்பு மண்டலத்தில் தூண்டுதல் எவ்வளவு முக்கியமோ அடக்குதலும் அவ்வளவு முக்கியம் என்பதை உலகம் இவரிடமிருந்தே கற்றது. நாம் நடக்கும் ஒவ்வோர் அடியிலும் இது நடந்துகொண்டிருக்கிறது.

1897-இல் பாஸ்டரின் உடலியல் நூலின் புதிய பதிப்புக்கு நரம்பு மண்டலப் பகுதியை எழுதும் பொறுப்பு அவருக்கு வந்தது. ஒரு நரம்புச் செல்லின் முனை மற்றொன்றைச் சந்திக்கும் இடத்துக்குப் பெயர் இல்லை. நரம்புச் செல்கள் தனித்தனியானவை என்று நுண்ணோக்கி வழியே காட்டிய ஸ்பெயின் நாட்டு அறிஞர் கஹால், 1894-இல் லண்டன் வந்தபோது ஷெரிங்டனின் வீட்டில்தான் தங்கியிருந்தார். தனித்தனியானவை என்றால் இடையே ஒரு சந்திப்பு இருக்க வேண்டும். ஷெரிங்டன் முதலில் வேறொரு சொல்லை நினைத்தார். வெரால் என்னும் கிரேக்கப் புலவர் சொன்ன யோசனையை ஏற்றுச் சினாப்ஸ் என்று பெயரிட்டார். அந்த இடத்தை அந்நாளில் எவரும் கண்ணால் பார்த்ததில்லை. எலக்ட்ரான் நுண்ணோக்கி அதைக் காட்ட 1950-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அங்கே செய்தி எவ்வாறு கடக்கிறது, மின்சாரமா வேதிப்பொருளா என்பது பற்றி அந்தப் பெயர் ஒன்றும் சொல்லவில்லை. தமக்குத் தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்டாத ஒரு பெயரை வைத்தார் என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். அதனால்தான் அந்தப் பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது.

1895 முதல் 1913 வரை லிவர்பூலிலும், பின்னர் 1935 வரை ஆக்ஸ்போர்டிலும் பேராசிரியராக இருந்தார். 1904-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய சொற்பொழிவுகள் 1906-இல் நூலாக வெளிவந்தன. நரம்பு மண்டலம் எவ்வாறு உடலை ஒரே உயிராக ஒருங்கிணைக்கிறது என்பதே அதன் பொருள். முதல் உலகப் போரின்போது, ஐம்பத்தேழு வயதைக் கடந்த அந்தப் பேராசிரியர், தொழிலாளர் களைப்பை அறிவதற்காகப் பர்மிங்ஹாம் நகரில் ஒரு வெடிகுண்டுத் தொழிற்சாலையில் சாதாரணத் தொழிலாளியாகச் சேர்ந்து நாளெல்லாம் உழைத்தார்.

இனி, அவர் வாழ்வின் நடுநாயகமான ஆராய்ச்சிக்கு வருவோம். 1924-இல் லிடெல் என்பவரோடு சேர்ந்து அவர் செய்தது அது. மயக்க மருந்து கொடுத்துப் பெருமூளையை நீக்கிய பூனையில், முழங்காலை நீட்டும் தொடைத் தசையின் தசைநாணை இழுவிசை அளக்கும் கருவியோடு அசையாமல் பிணைத்தனர். விலங்கு கிடந்த மேசை மட்டும் சில மில்லிமீட்டர் கீழே இறங்கும். மேசை இறங்கினால் தசை இழுபடும். இழுபட்ட தசையின் விசை உடனே ஏறியது; மேசை கீழேயே நின்றவரை விசையும் இறங்காமல் நின்றது. பிறகு தசையின் நரம்பை வெட்டிவிட்டு அதே அளவு இழுத்தனர். இப்போது கிடைத்தது ரப்பரை இழுத்தால் கிடைக்கும் சிறு விசை மட்டுமே. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் தண்டுவடத்தின் வேலை! நீட்சி அனிச்சைச் செயல் என்று இதற்குப் பெயர். எதிர்த்தசையை இழுத்தாலோ, ஏறி நின்ற விசை சரிந்தது. நாம் வகுப்பில் அசையாமல் நிற்கும்போது முழங்கால் சற்றே மடங்கினாலும் தொடைத் தசை இழுபடுகிறது, இழுபட்டதால் சுருங்குகிறது, நாம் விழாமல் நிற்கிறோம்.

இவ்விடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். பூனைகளைப் பற்றிப் படிக்கும்போது மனம் கூசத்தான் செய்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2014-ஆம் ஆண்டு அறிவிப்புக்குப் பின் விலங்கியல் வகுப்புகளில் தவளையைக்கூட அறுப்பதில்லை; அது நல்லதே. ஷெரிங்டனின் விலங்குகள் உணர்வற்ற நிலையில் இருந்தன என்பது மட்டுமே ஓர் ஆறுதல்.

அவருடைய சிந்தனையின் நுட்பம் எங்கே என்றால், தசையை அவர் ஓர் ஒலிபெருக்கியாகப் பயன்படுத்தினார் என்பதில் இருக்கிறது. தண்டுவடத்திலுள்ள ஓர் இயக்க நியூரான் நூற்றுக்கணக்கான தசைநார்களை ஆள்கிறது. நியூரான் ஒரு முறை மின்துடிப்பை அனுப்பினால் அத்தனை நார்களும் சேர்ந்து சுருங்கும். இந்த நியூரானையும் அதன் தசைநார்களையும் சேர்த்து இயக்க அலகு என்றார். எத்தனை செய்திகள் எங்கெங்கிருந்து வந்தாலும் இயக்க நியூரான் ஒன்றே இறுதிப் பொதுவழி. ஆகவே தசையின் விசையை அளந்தால், எத்தனை நியூரான்கள் துடிக்கின்றன என்று கணக்கிடலாம்.

ஆனால் துடிக்காத நியூரான்? அதன் நிலையைத் தசை சொல்லாதே! இங்கேதான் அவர் ஒரு வழி கண்டார். ஒரு நரம்பை மெல்லத் தூண்டினால் விளைவில்லை. மற்றொரு நரம்பை மெல்லத் தூண்டினாலும் விளைவில்லை. இரண்டையும் ஒருங்கே தூண்டினால் தசை சுருங்குகிறது. இரண்டு சுழிகளைக் கூட்டினால் சுழிதானே வரவேண்டும்? ஆகவே அவை சுழிகள் அல்ல. ஒவ்வொரு தூண்டுதலும் வெளியே தெரியாத ஒரு மாற்றத்தை நியூரானில் விட்டுச் செல்கிறது. ஓர் எல்லையைத் தொட்டால்தான் துடிப்புப் பிறக்கிறது. அந்த மறைவான மாற்றத்தை மையத் தூண்டல் நிலை என்றும், அதற்கு எதிரானதை மைய அடக்க நிலை என்றும் அழைத்தார். அவை எவற்றால் ஆனவை என்று இங்கும் அவர் அடித்துச் சொல்லவில்லை.

மின்கருவிகள் அப்போதுதான் வளர்ந்துகொண்டிருந்தன. 1926-இல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியன், தவளைத் தசையில் சிறு எடைகளைத் தொங்கவிட்டு, ஒரே ஒரு தசைக்கதிரிலிருந்து வரும் மின்துடிப்புகளைப் பதிவு செய்தார். எடை கூடக் கூடத் துடிப்பின் அளவு மாறவில்லை, எண்ணிக்கையே கூடியது. 1929-இல் ஷெரிங்டனின் மாணவர், நியூசிலாந்துக்காரரான டெனி-பிரௌன், இழுபடும் தசையில் இயக்க அலகுகள் ஒவ்வொன்றாக விழித்துக்கொள்வதை மின்னலைகளாகப் பதிவு செய்தார். 1932-இல் ஷெரிங்டனும் ஏட்ரியனும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். அப்போது ஷெரிங்டனுக்கு வயது 74.

அவருடைய கடைசி மாணவர் குழாத்தில் ஒருவர் ஜான் எக்கிள்ஸ். 1903-இல் ஆஸ்திரேலியாவில் பிறந்தவர். சினாப்ஸில் செய்தி கடப்பது மின்சாரத்தால்தான், வேதிப்பொருளால் அல்ல என்பது எக்கிள்ஸின் கட்சி. வேதிப்பொருள் கட்சியின் தலைவரான ஹென்றி டேலுடன் அவர் பல கூட்டங்களில் காரசாரமாக மோதினார். பின்னர் நியூசிலாந்தின் டுனெடின் நகருக்குப் பேராசிரியராகச் சென்றார். அந்நாட்டில் அப்போது ஆசிரியராக இருந்த தத்துவ அறிஞர் கார்ல் பாப்பர் அவருக்கு நண்பரானார். ஒரு கொள்கை பொய்யாக்கப்படுவது அவமானம் அன்று, அதைப் பொய்யாக்கக்கூடிய சோதனையைத் தேடுவதே அறிவியலாளன் கடமை என்பது பாப்பரின் போதனை.

அந்தச் சோதனை 1951 ஆகஸ்டில் நடந்தது. எக்கிள்ஸ், பிராக், கூம்ப்ஸ் மூவரும் மயிரிழையைவிடப் பன்மடங்கு மெல்லிய முனையுடைய கண்ணாடிக் குழாயில் உப்புக் கரைசலை நிரப்பி, பூனையின் தண்டுவடத்தில் ஓர் இயக்க நியூரானுக்குள்ளேயே செலுத்தினர். செல்லின் உள்ளே வெளியைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் எதிர்மின்னழுத்தம் இருந்தது. தசைக்கதிரிலிருந்து வரும் நார்களை நரம்பில் மின்சாரத்தால் தூண்டியபோது, அந்த 70 படிப்படியாகக் குறைந்தது. சுமார் 10 மில்லிவோல்ட் குறைந்ததும் நியூரான் துடித்தது. அதற்குக் குறைவானால், சிறு அலை எழுந்து அப்படியே அடங்கியது. இருபது ஆண்டுகளுக்கு முன் ஷெரிங்டன் தசையின் விசையிலிருந்து ஊகித்த அந்த மறைவான தூண்டல் நிலை, இதோ மில்லிவோல்ட்டில்!

எதிர்த்தசையின் நார்களைத் தூண்டியபோது என்ன ஆயிற்று? எக்கிள்ஸின் மின்சாரக் கொள்கைப்படி அலை ஒரு திசையில் போக வேண்டும். அது நேர் எதிர்த் திசையில் போயிற்று. செல்லின் உட்புறம் மேலும் எதிர்மின்னழுத்தம் பெற்றது. அதாவது துடிக்கும் எல்லையிலிருந்து விலகிச் சென்றது. வேதிப்பொருளால் மட்டுமே இதை விளக்க முடியும். பல்லாண்டுகள் வாதாடிய தம் கட்சி தோற்றதென்று எக்கிள்ஸ் ஒப்புக்கொண்டு, தாமே அதை அச்சிலும் வெளியிட்டார். தேர்வில் ஒரு விடை தவறிப்போனால்கூட வினாத்தாளைக் குறை சொல்லும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய செயல் இது. 1963-இல் அவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

பிறகு வந்தவர்கள் இன்னும் நுணுகிச் சென்றார்கள். 1971-இல் மெண்டெல், ஹென்னமன் என்னும் இருவர் வெளியிட்ட கணக்கு என்னை வியக்கவைத்தது. பூனையின் கெண்டைக்கால் தசை ஒன்றை ஆள ஏறத்தாழ 300 இயக்க நியூரான்கள் உள்ளன. தசைக்கதிரிலிருந்து வரும் ஒரே ஒரு நார், அவற்றுள் ஏறக்குறைய எல்லாவற்றோடும் தொடர்பு கொள்கிறது. ஆனால் ஒவ்வொன்றிலும் அது உண்டாக்கும் மாற்றம் ஒரு மில்லிவோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு அளவே. துடிப்புக்கோ 10 மில்லிவோல்ட் வேண்டும். ஓய்ந்திருக்கும் நியூரானை ஒரு நார் தனியே எழுப்ப முடியாது. மருத்துவரின் சுத்தியல் பல தசைக்கதிர்களை ஒரே கணத்தில் இழுப்பதால்தான், பல சிறு அலைகள் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்ந்து கால் துள்ளுகிறது.

இதில் பெரும்பகுதியை ஷெரிங்டன் காணவில்லை. 1935-இல் ஓய்வு பெற்றபின் இப்ஸ்விச்சுக்கே திரும்பியிருந்தார். துணைவியார் 1933-லேயே மறைந்துவிட்டார். இளமையில் ரக்பி ஆடிய உடலை மூட்டுவாதம் முடக்கியது. தசையும் மூட்டும் எப்படி அசைகின்றன என்று வாழ்நாளெல்லாம் ஆராய்ந்தவருக்குத் தம் கைவிரல்களை அசைப்பதே பெரும்பாடாயிற்று. ஆனால் அறிவு மங்கவில்லை. 1925-லேயே கவிதைத் தொகுதி வெளியிட்டிருந்த அவர், முதுமையில் உடலும் மனமும் பற்றிய தத்துவ நூல் ஒன்றை 1940-இலும், பதினாறாம் நூற்றாண்டு மருத்துவர் ஜான் பெர்னெல் பற்றிய நூலை 1946-இலும் எழுதினார். அவரிடம் பயின்றவர்களுள் எக்கிள்ஸ், பெனிசிலின் புகழ் புளோரி, கிரானிட் ஆகிய மூவர் நோபல் பரிசு பெற்றனர்.

1952 மார்ச் 4 அன்று ஈஸ்ட்போர்ன் நகரில் ஷெரிங்டனின் இதயம் நின்றது. டுனெடினில் அந்தக் கண்ணாடி முனை நியூரானுக்குள் நுழைந்து ஏழு மாதங்களே ஆகியிருந்தன. அதே 1952-இல் எக்கிள்ஸ் ஆக்ஸ்போர்டுக்கு வந்து, ஷெரிங்டன் உறுப்பினராயிருந்த மாக்டலென் கல்லூரியில், அந்த மில்லிவோல்ட் அலைகளைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார்.